இளைத்த உடல் மீண்டும் பருப்பது ஏன்?



முயன்று உடல் எடையைக் குறைத்த ஒருவர், ஓராண்டில் மீண்டும் பருத்துவிட்டால் நாம் என்ன கூறுகிறோம்? "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இச்சொல்லுக்குக் கூசி, மருத்துவரிடம் செல்வதையே தவிர்க்கும் சர்க்கரை நோயாளிகளும் உண்டு. ஆகவே இதன் உண்மைக் காரணத்தை நாம் அறிவது அவசியமாகும்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் எனும் சிறு பகுதி உள்ளது. பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் ஆள்வதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. உடலில் எவ்வளவு கொழுப்பு சேமிப்பில் இருக்கிறது என்பதை, கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் எனும் ஹார்மோன் இதற்கு அறிவிக்கிறது. அதற்குரிய மரபணுவை 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலினை 1999-இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர்.

எடை குறையும்போது லெப்டின் குறைகிறது, கிரெலின் கூடுகிறது. மூளையோ பஞ்சம் வந்துவிட்டது போல் நடந்துகொள்கிறது. பசியைப் பெருக்குகிறது, உடல் செலவிடும் சக்தியைச் சுருக்குகிறது. 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், 10 வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் இளைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தனர். அப்போதும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் தணியவில்லை. இது மனவுறுதியின் குறையன்று. உயிரைக் காக்க உடல் நடத்தும் போராட்டமே.

அவ்வாறாயின் முயல்வது வீணா? இல்லை. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களிடம், சர்க்கரை நோய் உண்டாவது 58 சதவீதம் குறைந்தது. பின்னர் அவர்களில் பலருக்கு எடை ஓரளவு திரும்பியது. ஆயினும் பத்தாண்டுகளுக்குப் பிறகும் பலன் முற்றிலும் மறையவில்லை.

எனவே ஒரு மாதப் பட்டினியை நாடாமல், வாழ்நாள் முழுதும் தொடரக்கூடிய உணவு முறையையும் நடைப்பயிற்சியையும் மேற்கொள்வோம். போதிய உறக்கத்தைப் பேணுவோம். எடை திரும்பினாலும் கூச்சமின்றி மருத்துவரை அணுகுவோம். விருந்தில் ஒருவர் "போதும்" என்று கையை எடுத்தால் மேலும் உண்ண வற்புறுத்தாதிருப்போம். மீண்டும் பருத்தவரை நகைக்காமல், மறுநாள் காலை நடைக்கு உடன் அழைத்துச் செல்வோம்.