பாட்டனார் வழிவரும் குடியுரிமை

ஒருவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று முடிவு செய்ய உலகில் இரு வழக்கங்கள் உண்டு. பிறந்த மண்ணைப் பார்ப்பது ஒன்று. பெற்றவர்களின் வழியைப் பார்ப்பது மற்றொன்று. அர்ஜென்டினா முதல் வகை, இத்தாலி இரண்டாம் வகை. இத்தாலியப் பெற்றோருக்கு அர்ஜென்டினாவில் பிறந்த பிள்ளைக்கு இரண்டும் கிடைத்துவிடும்.

1861இல் இத்தாலி ஒரே நாடாயிற்று. அடுத்த நூறாண்டுகளில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்டார்கள். போன இடத்தில் அந்நாட்டுக் குடியுரிமையைக் கேட்டு வாங்குமுன் மகன் பிறந்தால், அவனும் இத்தாலியனே. அவன் மகன், பேரன் என்று சங்கிலி நீளும். 2025 வரை தலைமுறைக்கு வரம்பு இருக்கவில்லை.

ஆனால் கண்ணிக்குக் கண்ணி பத்திரம் வேண்டும். கிராமத்து ஊராட்சியிலிருந்து பாட்டனாரின் பிறப்புப் பத்திரம், ஒவ்வொரு தலைமுறைக்கும் திருமணப் பதிவு, அவர் வேற்றுக் குடியுரிமை வாங்கவில்லை என்பதற்குச் சான்று. இங்கேதான் தகராறு. ஜுசெப்பே என்று புறப்பட்டவர் துறைமுகத்தில் ஹோசே ஆகிவிடுவார். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயரோடு நம் பதிவிலாகாவுக்கு அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெண்வழியில் இன்னொரு சிக்கல். 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி தாய் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தர முடியாது. 1948 ஜனவரி முதல் நாள் புதிய அரசியல் சட்டம் நடப்புக்கு வந்தது. ஒரே தாய்க்கு 1947இல் பிறந்த அக்காள் நீதிமன்றம் ஏற வேண்டும். 1949இல் பிறந்த தங்கைக்குத் தூதரகமே போதும். ஒரு வயிற்றுப் பிள்ளைகளைத் தேதி பிரித்தது, எந்தக் கணக்கில் நியாயம்? 2009இல்தான் இத்தாலிய உச்ச நீதிமன்றம் மூத்தவர்களுக்கும் வழிவிட்டது.

2014 முதல் 2024 வரை, வெளிநாட்டிலுள்ள இத்தாலியக் குடிமக்களின் தொகை 46 லட்சத்திலிருந்து 64 லட்சமாக உயர்ந்தது. இத்தாலியை ஒருநாளும் பார்த்திராதவர்கள் கடப்பிதழுக்காகவே வருகிறார்கள் என்று அரசாங்கம் குறைப்பட்டது. 2025 மார்ச் 28இல் அவசரச் சட்டம் வந்தது; மே மாதம் நாடாளுமன்றமும் அதை ஏற்றது. இனி, வெளிநாட்டில் பிறந்து வேறு குடியுரிமையும் உள்ளவர், தம் பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இத்தாலியக் குடியுரிமை ஒன்றையே கொண்டிருந்ததைக் காட்ட வேண்டும். அல்லது பெற்றோரில் ஒருவர், குடிமகனான பிறகு, பிள்ளை பிறக்குமுன் ஈராண்டு இத்தாலியில் வாழ்ந்திருக்க வேண்டும். அர்ஜென்டினாவில் பிறந்த பாட்டனார் அநேகமாக இரு குடியுரிமை உடையவர். ஆகவே அவர் பயன்பட மாட்டார். கொள்ளுப்பாட்டனாரோ கணக்கிலேயே இல்லை. மார்ச் 27க்குள் மனுக் கொடுத்தவர்களுக்கும், மனுக் கொடுக்க நாள் குறித்து அறிவிக்கப்பட்டவர்களுக்கும் பழைய விதி. பல ஆண்டு வரிசையில் நின்றும் நாள் கிடைக்காதவர்கள் நிலை பரிதாபம்.

நம் நாட்டில் யாருக்கேனும் அப்படியொரு பாட்டனார் இருந்தால், முதலில் மலேசிய அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் படித்துக்கொள்ள வேண்டும். தாமாக வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் மலேசியக் குடியுரிமையைப் பறிக்க அது அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது.