ஒரு பைசாவுக்கு எழுந்த சம்சாரிகள்

(கிராமக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மனுக் கொடுத்து என்னத்தக் கண்டோம், அண்ணாச்சி?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். விளையாத வருசத்திலும் பயிர்க் காப்பீடு ஒழுங்காக வந்து சேருவதில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. முதல் அடி எடுத்து வைக்கத்தான் தயக்கம்.

நமக்கு முன்னால் இருந்தவர்கள் எப்படித் தயக்கத்தை உடைத்தார்கள் என்று பார்ப்போம். 1970ல் பம்புசெட் மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சில பைசா உயர்த்தினார்கள். கோவை வட்டார விவசாயிகள் நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுந்தார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து, மூன்று விவசாயிகள் உயிர் விட்டார்கள். அதன் பிறகே ஒரு பைசா குறைந்தது. வெறும் ஒரு பைசா! ஆனால் 'கேட்டால் கிடைக்கும்' என்ற தெம்பு வந்தது. 1972ல் மாட்டுவண்டிகளைப் பூட்டிக்கொண்டு போய்க் கோவை நகரத்தையே நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஜூலை 5ல் பலியானவர்கள் நினைவாகத்தான் இன்றும் உழவர் தினம் கொண்டாடுகிறோம்.

நம்ம கரிசல் சீமையும் சும்மா இருக்கவில்லை. 1980ல் குருஞ்சாக்குளத்தில் நம் சம்சாரிகள் குண்டடிபட்டுச் செத்தார்கள். 1984 டிசம்பர் 21ல் நாயுடு அவர்கள் உயிர் பிரிந்ததும் இதே கோவில்பட்டியில்தான். சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் 1984ல் வந்தது. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்தது. ஒரு பைசாவில் தொடங்கியது அங்கே போய் முடிந்தது.

"அது பம்புசெட்காரங்க ஜெயிச்சது, மானாவாரிக்காரனுக்கு என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்கள் பெற்ற சலுகை நமக்கு வராமல் போகலாம், அவர்கள் போன வழி நமக்கு உதவும். சின்னதாக ஒன்றைப் பிடித்தார்கள். கையில் இருந்த வண்டியையே ஆயுதமாக்கினார்கள். ஊரோடு சேர்ந்து போனார்கள்.

நாமும் அப்படியே செய்வோம். 2016ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் உளுந்து, பாசிக்கு ராபி பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் கட்டுகிறோம். இழப்பீட்டை முடிவு செய்வது பயிர் அறுவடைப் பரிசோதனை. நம் கிராமத்திலோ பிர்க்காவிலோ சில புஞ்சைகளில் அறுத்து நிறுக்கிற எடைதான் எல்லோருடைய தலையெழுத்தும். அந்த எடை போடும்போது நம்மில் யார் பக்கத்தில் நின்றோம்? யாருமில்லை!

ஆகவே மூன்று காரியம்:

ஒன்று, விதைத்ததும் அடங்கலில் பயிரும் சர்வே நம்பரும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். பிரிமியம் ரசீதைப் பத்திரமாக வைப்போம்.

இரண்டு, பரிசோதனைத் தேதியை முன்கூட்டியே கேட்டு, ஊருக்குப் பத்துப் பேர் போய் நிற்போம். எடையை நாமும் எழுதி வைப்போம்.

மூன்று, மாவட்ட விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்குத் தனித்தனியாகப் போகாமல், ஊர் ஊராகச் சேர்ந்து அந்தக் கணக்கோடு போவோம்.

இதற்குத் துப்பாக்கிக் குண்டை எதிர்கொள்ளும் துணிச்சல் வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பேனாவும் ஒரு நாள் பொழுதும் போதும். இதைக்கூடச் செய்யாவிட்டால் செத்தவர்களுக்கு மாலை போட்டு என்ன பயன்?

வாரீர்! சேர்ந்து நிற்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!