வெயிலுக்கேற்ற புல் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இத்தகைய மேடையில் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவதே மரபு. நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். கணக்குப் புத்தகமே நான் நாள்தோறும் படிக்கும் இலக்கியம். ஆகையால் எனக்குத் தெரிந்த ஒரு சிறு பொருளைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறேன். அப்பொருள் புல்! சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் நம் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் அண்டை வீட்டாரை ஒருவரோடொருவர் பேசாமல் செய்தது இந்தப் புல்தான் என்பதை இங்குள்ள பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

நம் இரு கட்டடங்களுக்கும் இடையே ஆயிரம் சதுர அடி அளவில் ஒரு திறந்த வெளி உள்ளது. அதனைப் பசும்புல் தரையாக்க வேண்டும் என்று அன்றைய குழு முடிவு செய்தது. அக்குழுவில் நானும் ஒருவன். முதலில் கை தூக்கியவனும் நானே. நவம்பர் மாதத்தில், பாய் போலச் சுருட்டி விற்கப்படும் புல்லை வாங்கி வந்து விரித்தோம். விற்றவர் அதன் பெயர் ஏதோ அயல்நாட்டுப் பெயராகச் சொன்னார். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. பொங்கலன்று அது மரகதக் கம்பளம் போல விளங்கியது. மார்ச்சு மாதம் வந்தது. குழாயில் நீர் குறைந்தது. தண்ணீர் லாரி வரத் தொடங்கியது. ஒரு நாள் மாலை நான் குழாய்ச் சுருளைப் பிடித்துப் புல்லுக்கு நீர் பாய்ச்சிக் கொண்டிருந்தபோது, மூன்றாம் மாடியில் வாழும் மூதாட்டி ஒருவர் கையில் வெறும் வாளியோடு இறங்கி வந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். "தம்பி, அதுக்கு ஊத்தி முடிச்சப்புறம் மிச்சமிருந்தா எனக்கும் ஒரு வாளி விடுப்பா" என்றார். அச்சொல்லுக்கு என்னிடம் விடையில்லை. அன்றிரவே கூட்டம் கூடியது, சச்சரவு மூண்டது. மே மாத இறுதியில் புல் வைக்கோலாகிவிட்டது. பணம் போனது பெரிதன்று. மனம் கசந்ததே பெரிது.

ஜூன் மாதத்தில் முதல் மழை பெய்தது. அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் அன்னையார் அந்தத் தரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏ ஐயா, புல்லுக்குமா துட்டு குடுத்தீங்க? அந்தா கல்லோரத்துல பாரு" என்றார். பார்த்தேன். நாங்கள் நடாத, நாங்கள் நீர் விடாத, நாங்கள் பிடுங்கி எறிந்த அருகம்புல், கல்லின் ஓரத்தில் பச்சைப் பசேலென்று தளிர்த்து நின்றது. அன்று தொடங்கியதே புல்லைப் பற்றிய என் படிப்பு. அதன் சாரத்தையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

புற்களில் இரு குலங்கள் உண்டு. ஒன்று குளிர்நாட்டுக் குலம். மற்றொன்று வெப்பநாட்டுக் குலம். நெல்லும் கோதுமையும் ஒருவகையாகச் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கின்றன. கரும்பும் சோளமும் கம்பும் வேறொரு வகையாகச் சமைக்கின்றன. இரண்டாம் வகைக்குக் கடும் வெயிலே உகந்தது. அதே அளவு நீரைக் கொண்டு கூடுதலாக வளரவும் வல்லது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற புல்தரைகள் முதல் வகைப் புற்களால் ஆனவை. ஆண்டு முழுவதும் தூறலும் மிதமான குளிரும் உள்ள நாட்டுக்கு அவை பொருந்தும். நம் ஊரிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை வானமே இடிந்து விழுவது போல மழை. அதன்பின் ஏறத்தாழ எட்டு மாதம் வறட்சி. இங்கே அப்புற்களை வளர்க்க முயல்வது, மீனை மரத்தில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். நீலகிரியில் செழிக்கும் கிக்குயூ புல்லைக் கண்டு மயங்குவோரும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலைநாட்டிலிருந்து வந்த அப்புல்லுக்கு உதகையின் குளிர் ஏற்றது. டோம்பிவிலியின் மே மாதம் ஏற்றதன்று.

அருகம்புல் இரண்டாம் குலத்தின் சிறந்த பிரதிநிதி. நூலோர் இதனைச் சைனோடான் டாக்டிலான் என்பர். டாக்டிலான் என்பது விரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதன் கதிர், விரித்த விரல்களைப் போன்று இருத்தலே காரணம். இந்திக்காரர் தூப் என்பர். நம் மராட்டிய அன்பர்கள் துர்வா என்றும் ஹரளி என்றும் அழைப்பர். அமெரிக்காவில் இதற்குப் பெர்முடா புல் என்று பெயர். ஆனால் இதன் பிறப்பிடம் பெர்முடாத் தீவு அன்று. நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகும், மராட்டியர் கணபதிக்கு இருபத்தொன்றாகக் கட்டிச் சாத்தும் துர்வாவும், வெளிநாட்டு விளையாட்டு மைதானங்களில் பரப்பப்படும் புல்லும் ஒரே குலத்தின் கிளைகளே.

ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் நகரில் கிளென் பர்ட்டன் என்ற அறிஞர் இந்தப் புல்லை ஆப்பிரிக்க உறவுப் புல்லோடு கலந்து புதிய வகைகளை உருவாக்கினார். 1960-ஆம் ஆண்டில் வெளிவந்த டிஃப்வே அவற்றுள் ஒன்று. அதே அறிஞரின் நிலையத்தில் உருவான கம்பு வித்துவழி ஒன்றைக் கொண்டுதான், 1965-இல் நம் நாட்டின் முதல் கலப்பினக் கம்பு லூதியானாவில் உருவாக்கப்பட்டது. புல்லை ஆராய்ந்தவர் நம் கூழுக்கும் உதவினார் என்று எண்ணும்போது, புல்லை அற்பம் என்று சொல்ல நா எழவில்லை.

அருகின் வலிமை வேரில் உள்ளது. தரைமேல் ஓடும் கொடி ஒன்று, தரைக்குள் ஓடும் தண்டு ஒன்று என இரு வழியிலும் அது பரவுகிறது. வேர்கள் மூன்றடிக்கும் கீழே இறங்கக் கூடியவை. நீர் கிடைக்காவிடில் மேலே பழுப்பாகி உறங்கும். மழை வந்ததும் கணுவிலிருந்து விழித்தெழும். மணமக்களை அருகு போல் வேரூன்றி வாழ்க என்று நம் முன்னோர் வாழ்த்தியதன் பொருள் இதுவே. பிழைப்பைத் தேடி வந்த ஊரில், தண்டவாளத்தின் சரளைக் கற்களுக்கு நடுவே அது தளிர்த்து நிற்பதை நாள்தோறும் காணும் எனக்கு, அது புல்லாக மட்டும் தோன்றவில்லை.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அருகுக்கு நிழல் ஆகாது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மாமர நிழலிலும் கட்டடத்தின் வடபுறத்திலும் அது மெலிந்து மறையும். மேலும் பூச்செடிப் பாத்தியில் நுழைந்தால் அதைத் துரத்துவது கடினம். உழவர்கள் இதனைக் களை என்று வெறுப்பதற்கும், நாம் விரும்புவதற்கும் காரணம் ஒன்றே: அது எளிதில் சாவதில்லை.

இனி நீர்க்கணக்கு. ஆயிரம் சதுர அடித் தரையில் ஓர் அங்குல உயரத்திற்கு நீர் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ 2,360 லிட்டர் தேவை. நகரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வகுத்துள்ள அளவு. எனவே வாரம் ஒருமுறை அங்குல நீர் என்றால், ஒவ்வொரு வாரமும் பதினேழு பேரின் ஒரு நாள் நீரைப் புல்லுக்கு ஊற்றுகிறோம். நவம்பர் முதல் ஜூன் தொடக்கம் வரை முப்பது வாரத்திற்கு 70,800 லிட்டர் ஆகிறது.

இந்த எண்ணை நான் என் துறையின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 2016 ஏப்ரலில் லாத்தூர் மக்கள் குடிநீரின்றித் தவித்தபோது, மீரஜிலிருந்து பத்து வாகன்களில் ஐந்து இலட்சம் லிட்டர் நீரோடு முதல் தண்ணீர் வண்டி சென்றது. நம் திறந்த வெளி ஏழு கோடைகளில் குடிக்கக் கூடிய நீர் அது! அவ்வண்டி லாத்தூரை அடைந்த மறுநாள், ஏப்ரல் 13 அன்று, மே மாத ஐ.பி.எல். பந்தயங்களை மாநிலத்திற்கு வெளியே மாற்றுமாறு மும்பை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மைதானப் புல்லுக்கும் மனிதனின் தொண்டைக்கும் இடையே எழுந்த வழக்கு அது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்திற்கு ஐம்பது வாகன்களில் நீர் சென்றதையும் நாம் அறிவோம். நீர் இரயிலேறும் காலத்தில் புல்லுக்குக் கணக்குப் பார்ப்பது கருமித்தனம் ஆகாது.

அந்த வெளியைச் சிமெண்டுக் கற்களால் மூடிவிடலாம் என்றும், செயற்கைப் புல் விரிக்கலாம் என்றும் இப்போது இரு யோசனைகள் உள்ளன. இரண்டுக்கும் நீர் வேண்டாம் என்பது உண்மையே. ஆனால் நெகிழிப் புல் வெயிலில் கொதிக்கும். குழந்தையின் பாதம் அதனைத் தாங்காது. கற்களோ மழைநீரை மண்ணுக்குள் எளிதில் விடா. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானதை நம்மில் மூத்தோர் மறவார். நம் ஆயிரம் அடி மண் வெள்ளத்தைத் தடுத்துவிடாது. ஆயினும் மழையை உறிஞ்சும் மண்ணை நம் கையாலேயே மூடுவானேன்?

ஆகவே அடியேனின் வேண்டுகோள் இது. வெயில்படும் பகுதியில் மட்டும் அருகு நடுவோம். மாமரத்தடியை மண்ணாகவே விட்டுப் பெரியோர் அமர இரு பலகைகள் இடுவோம். ஏப்ரலில் மண்ணை ஓர் அடி ஆழம் கொத்தி, கோரைக் கிழங்குகளைப் பொறுக்கி எறிய வேண்டும். ஒருமுறை நனைத்துவிட்டால் எஞ்சிய கோரை முளைக்கும். அதையும் அகழ்ந்துவிட வேண்டும். முரம் மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்து, மழைநீர் தேங்காதவாறு சற்றுச் சரிவாகச் சமன்படுத்த வேண்டும். ஜூன் முதல் மழையில், இரண்டு மூன்று கணு உள்ள கொடித் துண்டுகளை அரைச்சாண் இடைவெளியில் ஊன்ற வேண்டும். நறுக்கிய அருகைச் சாணமும் மண்ணும் கலந்த குழம்பில் பிசைந்து பூசும் முறையும் உண்டு. நவம்பரில் நட்டுவிட்டுக் குழாயை நம்பியது நாங்கள் செய்த பெரும்பிழை. இம்முறை மழையே நம் மாளியாக இருக்கட்டும்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. கோடையில் இரண்டு அங்குலம் விட்டுவைத்தால் வேரின்மேல் நிழல் இருக்கும். நாள்தோறும் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஆழமாக நனைப்பதே மேல். நீர்த் தட்டுப்பாடு வந்தால் அதையும் நிறுத்திவிடுவோம். புல் பழுக்கும், பழுத்தால் பழுக்கட்டும். ஏப்ரலில் பழுப்பாகவும் ஜூலையில் பச்சையாகவும் இருப்பதே இந்த மண்ணின் இயல்பு. ஆண்டு முழுவதும் பச்சை வேண்டும் என்ற ஆசையே நம்மைப் பிரித்தது.

இதற்குச் செலவு மிகக் குறைவு. கொடி கல்லோரத்திலேயே இருக்கிறது. வேண்டுவன எருவும், சில ஞாயிற்றுக்கிழமைகளும், மண்வெட்டி பிடிக்கப் பத்துக் கைகளும்தான். முன்பு முதலில் கை தூக்கிப் பிழை செய்தவன் நான். இம்முறை முதலில் மண்வெட்டி தூக்குபவனாகவும் இருக்கிறேன். அன்று வாளியோடு நின்ற அந்த மூதாட்டியார் இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அம்மா, முதற்கொடியைத் தாங்களே ஊன்றித் தரவேண்டும். இனி எந்தக் கோடையிலும் தங்கள் வாளி நிறைந்த பின்பே புல்லுக்கு நீர் செல்லும் என்று இச்சபையின்முன் வாக்களிக்கிறேன்.