சிறிதளவு உலோகம், பெரிதளவு பயன்



கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது கிடைக்கும் நாப்தாவை அப்படியே மோட்டார் வாகனங்களில் பயன்படுத்த இயலாது. அதன் ஆக்டேன் எண் குறைவாதலால் எஞ்சினில் தட்டல் எழும். அதிலுள்ள ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளின் அமைப்பை மாற்றி, பென்சீன் இனச் சேர்மங்களைப் பெருக்கினால் அது தரமான பெட்ரோலாகிறது. சுமார் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இம்மாற்றத்தை விரைவுபடுத்தி, தான் செலவாகாமல் நிற்கும் பொருளே வினையூக்கி.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இப்பணிக்கு மாலிப்டினம் ஆக்சைடு பயன்பட்டது. அதன்மீது கரி விரைவில் படிந்ததால் அடிக்கடி எரித்து நீக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் யூ.ஓ.பி. நிறுவன விஞ்ஞானி விளாடிமிர் ஹென்சல் பிளாட்டினத்தை நாடினார். இத்தனை விலையுயர்ந்த உலோகம் எண்ணெய்த் தொழிலுக்குக் கட்டுப்படியாகாது என்ற ஐயம் எழுந்தது. அலுமினாவின்மீது நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவான பிளாட்டினத்தை நுண்ணிதாகப் பரப்பி அவர் அதற்கு விடை கண்டார். 1949-ல் மிச்சிகன் மாநிலத்தில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது.

இவ்வினையூக்கியில் இரு பணிகள் ஒருங்கே நடைபெறுகின்றன. பிளாட்டினம் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறது. குளோரின் ஏற்றப்பட்ட அலுமினா, அமிலத்தன்மையால் கரிமச் சட்டத்தை மாற்றியமைக்கிறது. அமிலத்தன்மை மிகுந்தால் மூலக்கூறுகள் உடைந்து வீணாகும். குறைந்தால் மாற்றம் தடைப்படும். உலோகத் துகள் ஒரு நானோமீட்டர் அளவில், அதாவது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்காக இருந்தால், ஏறத்தாழ எல்லா அணுக்களும் மேற்பரப்பில் நின்று வேலை செய்யும். துகள்கள் ஒன்றுகூடிப் பருத்தால், அதே எடை உலோகம் இருந்தும் பயன் குன்றும். கந்தகம் இதற்கு நஞ்சு. எனவே நாப்தாவிலிருந்து அதை முன்னரே நீக்குகின்றனர். 1960களின் இறுதியில் ரீனியம் துணை உலோகமாகச் சேர்க்கப்பட்டது. அதனால் குறைந்த அழுத்தத்திலும் ஆலை நெடுநாள் நிற்காமல் ஓடியது.

பொருளாதார நோக்கில் இங்கே ஒரு பாடம் உண்டு. பிளாட்டினம் செலவினம் அன்று, மூலதனம். வலுவிழந்த வினையூக்கியிலிருந்து அதைப் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். துணைவிளைவாகக் கிடைக்கும் ஹைட்ரஜன், டீசலிலிருந்து கந்தகத்தை நீக்க உதவுகிறது. 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் நடைமுறைக்கு வந்தபின், ஆக்டேன் எண்ணை உயர்த்த இத்தகைய முறைகளின் தேவை மேலும் கூடிற்று.

இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பிளாட்டினமும் வெளியிலிருந்தே வருகிறது. இவ்விரண்டையும் தவிர்க்க இயலாது. வினையூக்கியை வடிவமைக்கும் அறிவையுமா விலைகொடுத்து வாங்க வேண்டும்? வேண்டியதில்லை என்பதற்குச் சான்று உண்டு. பூனாவின் தேசிய இரசாயன ஆய்வகம் உருவாக்கிய ஜியோலைட் வகை வினையூக்கி, 1980களில் வடோதராவின் பெட்ரோகெமிகல் ஆலையில் சைலீன் மாற்றத்திற்குப் பயன்பட்டது. 1960-ல் தோன்றிய டேராடூன் இந்தியப் பெட்ரோலிய நிறுவனமும் இத்துறையில் தொடர்ந்து ஆய்வு நடத்தி வருகிறது.

இடர்ப்பாடு ஆய்வகத்தில் அன்று, ஆலை வாயிலில் உள்ளது. புதிய வினையூக்கி தவறினால் ஆலை நின்றுவிடும்; அந்த இழப்பைத் தனியே ஏற்க எந்த மேலாளரும் தயங்குவார். ஆகவே அவர் பழகிய வெளிநாட்டுச் சரக்கையே நாடுவது இயல்பு. அவரைக் குறைகூறுவதால் பயனில்லை. முதல் சோதனை ஓட்டத்தின் இழப்பை அரசும் ஆய்வகமும் ஆலையும் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு வேண்டும். அதைச் செய்வது நிர்வாகிகளின் கடமை. நம்பத்தக்க வினையூக்கியை உருவாக்கித் தருவது இன்றைய மாணவர்களின் கடமை.