பண்டை மருத்துவ நூல்களும் கணிப்பொறித் திரையும்

1995-ஆம் ஆண்டில், காயத்தை ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டுப் பாட்டிமார் அறிந்த மருத்துவம் அது. இந்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு பழைய சான்றுகளை முன்வைத்து வாதிட்டதன் பேரில் 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. காப்புரிமை ஆய்வாளரைக் குறை கூறுதல் எளிது. வடமொழி, அரபு, பாரசீகம், தமிழ் ஆகியவற்றில் அமைந்த நூல்களில் எதை, எங்கே அவர் தேடுவது? தேடிக் காண இயலாத அறிவு, அவரைப் பொறுத்தவரை இல்லாத அறிவே.

இக்குறையைப் போக்க 2001-இல் மரபறிவு மின்னணு நூலகப் பணி தொடங்கியது. ஏடுகளைப் படம்பிடித்து அடுக்கியிருந்தால் வேலை விரைவில் முடிந்திருக்கும், பயன் சொற்பமே. மாறாக, ஒவ்வொரு மருந்தின் மூலப்பொருள், செய்முறை, தீர்க்கும் நோய் ஆகியவை குறியீடுகளாக மாற்றப்பட்டன. அக்குறியீடுகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் திரை விரித்துக் காட்டுகிறது. 'மசூரிகா' என்ற சொல்லை அறியாதவரும் 'பெரியம்மை' எனத் தேடி அதே பாடலை அடையலாம். பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் மூலிகை மருந்துகளுக்கு அந்நாளில் ஒரே ஓர் உட்பிரிவுதான் இருந்தது. இந்திய வகைப்பாடு ஏறத்தாழ 25,000 உட்பிரிவுகளை வகுத்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மருந்து முறைகள் இன்று அதில் இடம்பெற்றுள்ளன.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2009-இல் இதனைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, காப்புரிமை அலுவலகங்களுக்கு அப்பாலும் கட்டண முறையில் படிப்படியாக இதனைத் திறந்துவிட ஒப்புதல் அளித்தது. சிக்கல் இங்குதான் எழுகிறது. ஆய்வாளர் கேட்பது, 'இது பழையதா?' என்பதே, நூலின் காலமும் பெயரும் அவருக்குப் போதும். ஆராய்ச்சியாளர் கேட்பது, 'இது பயன் தருமா?' என்பது. அவருக்குத் தாவரத்தின் சரியான இனம், உறுப்பு, அளவு, மூலப்பாடம் யாவும் வேண்டும். 'பிராமி' என்ற பெயர் ஓரிடத்தில் நீர்ப்பிரமியையும், வேறிடத்தில் வல்லாரையையும் குறிக்கும்; எளிமையை நாடித் திரை இவ்வேறுபாட்டை மறைக்குமானால் ஆய்வே பிழைபடும். நோயாளியோ, 'நான் உண்ணலாமா?' என்று கேட்பார். அதற்கு விடை கூற எழுந்ததன்று இந்நூலகம். பழமைக்குச் சான்று வேறு, குணப்படுத்தும் ஆற்றலுக்குச் சான்று வேறு என்பதை, அடிக்குறிப்பில் ஒதுக்காமல், ஒவ்வொரு பதிவின் தலைப்பிலேயே காட்டுதல் வேண்டும்.

கட்டணமும் ஒருவகைத் தடையே. பெரும் மருந்து நிறுவனம் எளிதில் செலுத்தும் தொகை, மாவட்ட நகரிலுள்ள சித்த மருத்துவ மாணவருக்குக் கதவடைப்பாகலாம். அவ்விருவருக்கும் ஒரே விலை வகுத்தல் நியாயமாகாது.