ஆஸ்பத்திரிச் செலவு இழப்பீடு ஆகாது

(பாவூர்சத்திரத்தில் அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளில் நிகழ்த்திய பேருரையின் எழுத்து வடிவம்)



நினைவுப் பேருரை என்றால் இலக்கியம் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இந்த ஆண்டு ஒரு கணக்கைப் பேசலாம் என்று முடிவு செய்தோம். நம் கதைகளில் வெட்டுப்பட்ட கைகள் நிறைய வருகின்றன. அந்தக் கைக்குச் சட்டப்படி என்ன சேர வேண்டும் என்று எழுதியவர்கள் குறைவு. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

நான்கு வருடத்துக்கு முன், இந்தப் பக்கத்து அறுவை மில் ஒன்றில் நம் தம்பி ஒருவருக்கு வலது கையில் நான்கு விரல்கள் போயின. வயது முப்பது. நாங்கள் பார்க்கப் போனபோது அவர் அம்மா சொன்னார்: "முதலாளி நல்லவுக. ஆஸ்பத்திரிக்குக் கட்டுனாக. கைச்செலவுக்கு நாப்பதாயிரமும் குடுத்தாக. பெறவு எந்த முகத்த வச்சிக்கிட்டு கேக்க?" வீட்டில் ஒரு முத்திரைத்தாள் நகலும் இருந்தது. இனி எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று எழுதி, தம்பியின் இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்பு படித்தவர். கையெழுத்துப் போடும் கைதான் கட்டுப் போட்டிருந்ததே.

அந்தத் தாள் செல்லாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்பது 1923 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருந்தது. முதலில் அதன் பெயர் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2009 திருத்தத்துக்குப் பிறகு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் ஆனது. இப்போது அதை 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் சேர்த்துவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் கணக்கில் வரும் என்பது அதில் புதிது. தம்பியின் விபத்து பழைய சட்டக் காலத்தில் நடந்தது. ஆகவே அந்தக் கணக்கையே சொல்கிறோம்.

மாதக் கூலியை எடுத்துக்கொள்வார்கள். எவ்வளவு வாங்கினாலும் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது. இந்த உச்சவரம்பு 2020 ஜனவரியில் வந்தது, அதற்கு முன் 8,000. நிரந்தர முழு ஊனம் என்றால் கூலியில் 60 சதவீதம், இறப்பு என்றால் 50 சதவீதம். அதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98. தம்பிக்கு நாள் கூலி 600, மாதம் 26 நாள், ஆக 15,600. கணக்குக்கு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. பெருக்கினால் 18,71,820 ரூபாய். உடல் உறுப்புகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது: பெருவிரல் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, ஒரு கண் 40, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. ஆகத் தம்பிக்குப் பட்டியல்படி 9,35,910 ரூபாய்.

நாற்பதாயிரம் எங்கே, ஒன்பது லட்சம் எங்கே! ஆஸ்பத்திரிக்குக் கட்டியதை இழப்பீட்டில் கழிக்கவும் முடியாது. மருத்துவச் செலவைத் தருவது முதலாளியின் தனிக் கடமை.

பட்டியலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பதற்கும் வழி இருக்கிறது. திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை பார்த்த தச்சர் ஒருவர் 1968 இல் கீழே விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கைதானே போனது, இது பகுதி ஊனம் என்று வாதாடினார்கள். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு இழப்பு என்ற ஆணையரின் முடிவை 1975 இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று கேட்டால் எந்த வழக்கறிஞருக்கும் தெரியும். விபத்து நடந்த நாளிலிருந்தே இழப்பீடு கடனாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் இழப்பீட்டில் பாதி வரை அபராதம்.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் கேட்பதில்லை? அறியாமை என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். வேலையில் சேர்க்கும்போதே இழப்பீட்டு உரிமை பற்றித் தொழிலாளிக்கு அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2017 இல் திருத்தம் வந்தது. அப்படி ஒரு தாளை வாங்கியவர்கள் இங்கே கை தூக்குங்கள் பார்ப்போம். ஆனால் அறியாமை பாதிக் காரணம்தான். மீதி, யாரிடம் கேட்பது என்பதில் இருக்கிறது.

ஜெர்மனியில் 1884 இலேயே விபத்துக் காப்பீடு வந்துவிட்டது. முதலாளிகள் எல்லோரும் பணம் கட்டுவார்கள், அடிபட்டவர் அந்த நிதியிடம் கேட்பார். வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்தது அது அல்ல. தனித்தனி முதலாளியின் பையிலிருந்து வாங்கிக்கொள் என்றான். காப்பீடு எடுப்பது முதலாளியின் விருப்பம். எடுத்திருந்தால் இழப்பீட்டையும் வட்டியையும் காப்பீட்டு நிறுவனம் தரும், அபராதம் மட்டும் முதலாளி தலையில் என்று 1997 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எடுக்காத இடத்தில் என்ன நடக்கும்? காலனியில் இருக்கும் தாய், ஊர்த்தெருவில் இருக்கும் முதலாளியின் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். அண்ணன் அவரிடமே டிராக்டர் ஓட்டுகிறார், தங்கச்சி கல்யாணத்துக்கு அவரிடமே கடன். வழக்குப் போடுவது என்றால் இத்தனையையும் முறித்துக்கொள்வது. சட்டப்படி உள்ள கடன், அந்த வாசலில் தருமமாக மாறிவிடுகிறது.

அதனால்தான் இந்த நாளில் இதைப் பேசுகிறோம். 1942 முதல் 1946 வரை அண்ணல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1943 இல், பேராசிரியர் அடார்க்கரிடம் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. 1944 இல் அறிக்கை வந்தது. அதிலிருந்து 1948 இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டினால், அடிபட்டவர் முதலாளி வாசலுக்குப் போக வேண்டியதில்லை. வேலை செய்ய முடியாத நாட்களுக்கு 90 சதவீதக் கூலி வரும், இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடமாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் எத்தனை பதிவேடுகளில் சரியாக ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தம்பி வழக்குக்கு வருவோம். மில் தரப்பில் முதலில் சொன்னது, இவர் எங்கள் ஆளே இல்லை, விறகு வாங்க வந்தவர் என்று. அடுத்தது, குடித்திருந்தார் என்று. நம் ஆட்கள் அடிபட்டால் இந்தச் சொல் எப்படியோ முன்னால் வந்து நின்றுவிடுகிறது. குடி என்று சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். இறப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த வாதமே எடுபடாது. மூன்றாவதாக, கூலி 300 தான் என்றார்கள். இங்கேதான் தம்பியின் மனைவி கைகொடுத்தார். அவர் பீடி சுற்றுகிறவர். பழைய பீடிப் பாஸ்புக்கின் பின்பக்கங்களில் புருஷன் சனிக்கிழமைதோறும் கொண்டுவந்த கூலியைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். ஆணையர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு வாரத்துக்கு எதிரே "மழை, வேலை இல்லை" என்றும் இருந்தது. 600 ரூபாய்க் கூலி ஏற்கப்பட்டது. தச்சர் வழக்கைக் காட்டி முழு ஊனம் கேட்டோம். அதை ஏற்கவில்லை. 50 சதவீதமும் வட்டியும் தீர்ப்பானது. முழு இழப்பு கேட்டு மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யத் தம்பி தயங்குகிறார். அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை.

சட்டத்திலும் ஓட்டை உண்டு, மறைக்க வேண்டாம். டிராக்டர் போன்ற எந்திரம் வைத்துச் செய்யும் விவசாய வேலை சட்டத்துக்குள் வரும்.  பத்துப் பெண்கள் வெறும் கையால் களை எடுக்கும் வயலில் பாம்பு கடித்தால் அங்கே இந்தச் சட்டம் எளிதில் எட்டுவதில்லை. அந்த வயலில் யார் வீட்டுப் பெண்கள் நிற்கிறார்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளுக்கும் தனியாகப் போராடித்தான் 2014 இல் 10 லட்சம், 2023 அக்டோபரில் 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றத்திடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது.

இன்னும் ஒன்று. இறப்பு என்றால் முதலாளி குடும்பத்தின் கையில் கொடுக்கும் பணம் இழப்பீடாகாது. ஆணையரிடம் கட்ட வேண்டும். மேஸ்திரி கூட்டிப்போன வேலை என்றாலும், தன் தொழிலுக்காக அவரிடம் வேலையை விட்ட பெரிய முதலாளியே பொறுப்பு. ஒரு நாள் கூலிக்குப் போனவருக்கும் உரிமை உண்டு.

விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். கடைசி வரிசையில் நம் தோழர்கள் இரண்டு பேர் மனுத் தாளோடு இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆதார், கூலி எழுதிய நோட்டு எதுவானாலும் கொண்டு வாருங்கள். அடிபட்டு ஒன்றரை வருடம் தாண்டியவர்கள் முதலில் வாருங்கள். மற்றவர்கள் தேநீர் குடித்துவிட்டு வரலாம்.