இந்த வருஷத்துப் புத்தகக் கணக்கு



வங்கியில் முப்பத்து மூன்று வருஷம் கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இடது பக்கம், வாங்கிய புத்தகங்கள் விலையோடு. வலது பக்கம், படித்து முடித்த புத்தகங்கள் தேதியோடு. வங்கியில் பற்றும் வரவும் பொருந்தாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இந்த நோட்டில் இன்றுவரை ஒரு வருஷம்கூடப் பொருந்தியதில்லை.

இந்த வருஷம் வாங்கியவை 63. செலவு 14,870 ரூபாய். படித்து முடித்தவை 27. அந்த 27இல் இந்த வருஷம் வாங்கியவை எத்தனை என்று பார்த்தேன். பதினொன்றுதான். மீதியில் எட்டு நூலகத்தில் எடுத்தவை. இரண்டு, நண்பர்களிடம் இரவல் வாங்கியவை. நான்கு, முன்பே படித்ததைத் திரும்பப் படித்தது. இரண்டு, பல வருஷமாக அலமாரியில் கிடந்து இந்த வருஷம் விமோசனம் பெற்றவை. வாங்கிய 63இல் 52 புத்தகங்கள் அச்சு வாசனை போகாமல் அப்படியே இருக்கின்றன.

இந்த 52 வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும். பெரும்பங்கு ஜனவரியில் வந்தது. ஈரோட்டில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் சென்னை. அங்கிருந்து நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977இலிருந்து நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சி. உள்ளே நுழைந்து அந்தப் பலகைத் தரையில் நாலு அடி வைத்ததும் எனக்கு ஒரு மயக்கம் வந்துவிடும். பத்து சதவீதக் கழிவு என்ற சொல் அந்த மயக்கத்தை முற்ற வைக்கும். நூறு ரூபாய் மிச்சமாகிறதே என்று தொள்ளாயிரம் ரூபாய் கொடுப்பவனை நான் மேலாளராக இருந்த கிளையில் பார்த்திருந்தால் கடன் கொடுத்திருக்க மாட்டேன். அந்த ஆள் நானேதான். ரயில் கட்டணம், சாப்பாடு, மாலையில் மைதானத்து ஓரத்தில் தின்ற மிளகாய் பஜ்ஜி இதெல்லாம் மேற்சொன்ன 14,870இல் சேராது.

இரண்டு கைகளிலும் பையோடு திரும்பி வந்தேன். வீட்டில் பிரித்தபோது தி. ஜானகிராமனின் மோகமுள் இருந்தது. அது ஏற்கெனவே என்னிடம் உண்டு. அட்டை மாறியிருந்ததால் கை தானாக நீண்டிருக்கிறது. சு. வெங்கடேசனின் காவல் கோட்டமும் பூமணியின் அஞ்ஞாடியும் முந்தைய ஆண்டுகளில் வாங்கியவை. இரண்டுமே ஆயிரம் பக்கத்துக்கு மேல். மழைக்காலத்தில் அலமாரியைத் தட்டித் துடைத்து வசம்புத் துண்டுகளை மாற்றி வைக்கும்போதெல்லாம் இரண்டையும் கையில் எடுத்து, கனத்தைப் பார்த்து, பொங்கலுக்குப் பிறகு என்று சொல்லித் திரும்ப வைக்கிறேன். எந்தப் பொங்கல் என்று சொல்வதில்லை.

ஆகஸ்டில் எங்கள் ஊர் புத்தகத் திருவிழா. ரயிலேற வேண்டியதில்லை என்பதால் மூன்று முறை போனேன். பேத்தி வருஷம் முழுக்க உண்டியலில் சேர்த்த 640 ரூபாயைச் சில்லறையாகவே கொண்டுவந்து கடைக்காரர் மேஜையில் கொட்டினாள். அவர் பொறுமையாக எண்ணினார். வங்கிக்காரனான எனக்கே அந்தப் பொறுமை இருந்ததில்லை.

நான் படித்த பதினொன்றைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏழு, நூறு பக்கத்துக்குள் முடிகிற சிறு நூல்கள். மீதி நான்கும் பேத்தியின் உண்டியல் காசில் வந்த சிறுவர் நூல்கள். அவளுக்குப் படித்துக் காட்டாமல் ராத்திரி தூங்க முடியாது.

இந்த வருஷம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நான் படித்து முடித்த புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவர் காத்திருந்தார்.

நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒன்றும் சேர்த்து வாங்குகிறார்கள். 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாவது அது. அந்த வரியைத் தவறாமல் கட்டிக்கொண்டு, நூலகத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் முப்பது வருஷம் இருந்தவன் நான். இந்த வருஷம்தான் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கிளை நூலகத்தில் உறுப்பினரானேன். புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒட்டிய தாளில் நூலகர் ஒரு தேதியைக் குத்திக் கொடுக்கிறார். அந்த ஊதா மசித் தேதி என்னைப் படுத்திய பாடு! எட்டு புத்தகங்களையும் கடைசிப் பக்கம்வரை படித்தேன். சொந்தப் புத்தகத்தில் நான் யாருக்கும் தவணை சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே அவை கிடக்கின்றன.

அசோகமித்திரனின் 18வது அட்சக்கோடு 1977இல் வந்த நாவல். நண்பர் ஒருவர் தன் பிரதியையே கொடுத்தார். அவர் ரயில்வேயில் செகந்திராபாத்தில் வேலை பார்த்தவர். கதையும் அதே ஊரில்தான் நடக்கிறது. ஹைதராபாத் நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்கள், ரயில்வே குடியிருப்பு, கிரிக்கெட் ஆடும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன். தினமும் காலை நடையில் நண்பர், “எதுவரைக்கும் வந்தீங்க?” என்று கேட்பார். படிக்காமல் போனால் முகத்தைப் பார்க்க முடியாது. ஒரு வாரத்தில் முடித்தேன். கடைசி அத்தியாயத்தைப் படித்த மறுநாள் இரண்டு பேரும் பேசாமலே இரண்டு சுற்று நடந்தோம். அந்த முடிவைப் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. கண்ணில் புரை. பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். கி.ராஜநாராயணனின் இடைசெவலுக்குக் கிட்டத்தில். அதனால் கோபல்ல கிராமத்தை எடுத்து ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் என்று வாசித்துக் காட்டினேன். நான் அதை இருபது வயதில் படித்தவன். தெலுங்கு தேசத்திலிருந்து தப்பித்துத் தெற்கே வந்து, காட்டை அழித்துக் கரிசலில் ஊர் அமைத்த குடும்பங்களின் கதை. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் வேகமாக வாசித்துக்கொண்டு போனேன். அம்மா நிறுத்தினார். “மெதுவா வாசிய்யா. அவுக நடந்துல்ல வாராக” என்றார். நாற்பது வருஷத்துக்கு முன் படித்தபோது அவர்கள் நடந்து வருகிறார்கள் என்பதே எனக்கு உறைத்திருக்கவில்லை.

இனி இந்த வருஷத்தின் பெரிய புத்தகத்துக்கு வருகிறேன். அதுவும் மறுவாசிப்புதான். உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரம். ஆனந்த விகடனில் 1940இல் தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு வயது 84. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது தொடர் முடிந்திருக்கவில்லை. புத்தகமாக வந்தது 1950இல். வாரத் தொடர் என்பதால் சின்னச் சின்ன அத்தியாயங்கள். இன்னும் ஒன்று என்று நினைத்தே நாலைந்து போய்விடும்.

அதில் ஓர் இடம் என்னை இந்த முறை சுட்டது. 1880. உ.வே.சா.வுக்கு இருபத்தைந்து வயது, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்ற பெருமை வேறு. ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் ஒரு பட்டியல் போடுகிறார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று நீளமான பட்டியல். முதலியார் அசையவில்லை. இவையெல்லாம் பிற்காலத்தவை, இவற்றுக்கு முந்திய நூல்கள் படித்ததுண்டா, சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று விசாரிக்கிறார். இவரோ அவற்றைக் கண்ணாலும் பார்த்ததில்லை. பிறகு முதலியாரே சீவக சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்து, எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்கிறார். பாடம் சொல்வதற்காக இவர் படிக்க வேண்டியிருந்தது. ஏடு ஏடாகத் தேடி, ஒப்பிட்டு, 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. சங்க நூல்கள் பல அச்சேறியது அதன் தொடர்ச்சியாகத்தான்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என் நோட்டைப் பார்த்தேன். 27 என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன். எழுபதும் எண்பதும் படித்தேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்து எனக்கு ஒரு பொறாமை உண்டு. அது அன்றைக்குக் கொஞ்சம் தணிந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

எண்ணிக்கை என்றதும் இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலக அறிவியலுக்கு அவர் 1931இல் எழுதிக் கொடுத்த ஐந்து விதிகளில், எத்தனை படித்தாய் என்ற பேச்சே இல்லை. புத்தகம் பயன்பட வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் உண்டு என்ற கவலைதான் அவருக்கு. அந்தப்படி பார்த்தால், என் 52 புத்தகங்களின் வாசகர்களை உள்ளே விடாமல் நான் அலமாரியைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

அதனால் வரும் ஜனவரிக்கு ஓர் ஏற்பாடு. புத்தகக் காட்சிக்குப் போவதை நிறுத்தப்போவதில்லை. அந்த அளவுக்கு எனக்கு மனத்திடம் கிடையாது. இரண்டாவது மோகமுள் உட்பட இருபது புத்தகங்கள் எங்கள் கிளை நூலகத்துக்குப் போகின்றன. அஞ்ஞாடியைக் காலை நடை நண்பரும் வாங்கிவிட்டார். தை பிறந்ததும் தினம் பத்துப் பக்கம் என்று பேச்சு. இந்த முறை எந்தத் தை என்றும் சொல்லியாகிவிட்டது.

கடைசியாக ஒரு சொந்த விண்ணப்பம். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது என் சரித்திரத்தின் மூன்றாவது பிரதி. முதல் இரண்டும் இரவல் போனவை. யாருக்குக் கொடுத்தேன் என்று நோட்டில் எழுதாமல் விட்டுவிட்டேன். வாங்கிப் போனவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டாம். அந்தக் கும்பகோணத்துச் சந்திப்பு வரைக்குமாவது படித்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள்.